நாயை முதல் ஒபீடியன்ஸ் டிரையலுக்குத் தயார் செய்வது எப்படி? அமெரிக்காவில் நாய் வளர்க்கும் நம்மவர்களுக்கு

'உட்கார்' என்றதும் உட்காரும் நாய் நம்மில் பலர் வீட்டில் இருக்கிறது. கையில் தீனி இல்லாமல், ஒரே ஒரு தடவை சொன்னதற்கு, நாலு பக்கமும் நாய்கள் குரைக்கும் கூடத்தில், முன்பின் தெரியாத ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதே நாய் உட்காருமா? அதைச் சோதிப்பதுதான் ஒபீடியன்ஸ் டிரையல். அமெரிக்கன் கென்னல் கிளப், சுருக்கமாக ஏ.கே.சி., வகுத்த விதிகளின்படி ஊரூருக்குச் சங்கங்கள் இதை நடத்துகின்றன.

நான் இதில் இறங்கியபோது ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பயிற்சிப் பள்ளி ஒன்றில், "கலப்பு நாய்க்கெல்லாம் அங்கே இடமில்லை" என்றே சொல்லி அனுப்பினார்கள். அது தவறு. என் கறுப்பி மதுரைத் தெருவில் பிறந்து, விமானத்தில் நியூஜெர்சிக்கு வந்தவள். அவளும் முறையாகப் பெயர் கொடுத்து ரிங்குக்குள், அதாவது போட்டி நடக்கும் களத்துக்குள், நடந்தாள். விதிகளும் கட்டணங்களும் அவ்வப்போது மாறும் என்பதால், பணம் கட்டும் முன் ஏ.கே.சி. தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. எந்த வகுப்பில் சேருவது?

புதியவர்களுக்கு இரண்டு வாசல்கள். ஒன்று பிகினர் நாவிஸ், மற்றொன்று நாவிஸ். இரண்டுக்கும் மொத்தம் 200 மதிப்பெண். தேற 170 வேண்டும். அதோடு ஒவ்வொரு பயிற்சியிலும் பாதிக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் வாங்கிவிட்டு ஒன்றே ஒன்றில் பாதியைத் தாண்டாவிட்டாலும் தேறவில்லை என்றுதான் கணக்கு. தேறினால் ஒரு 'லெக்'. மூன்று லெக் சேர்ந்தால் பட்டம்.

பிகினர் நாவிஸில் ஐந்து பயிற்சிகள், தலா 40 மதிப்பெண். லீஷோடு பக்கத்தில் நடப்பது, எட்டு போல வளைந்து நடப்பது, உட்கார்ந்தபடி நடுவர் தன்னைத் தொட அனுமதிப்பது, நாம் ரிங்கைச் சுற்றி வரும்வரை உட்கார்ந்தே இருப்பது, கூப்பிட்டால் வருவது. கூப்பிட்டு வருவதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் லீஷ் நாயின் கழுத்திலேயே இருக்கும். எங்கே திரும்ப வேண்டும் என்று வழியில் அட்டைகள் வைத்திருப்பார்கள்.

நாவிஸில் பாதி வேலை லீஷ் இல்லாமல். இதில் தேறிக் கிடைக்கும் பட்டம் கம்பேனியன் டாக், அதாவது சி.டி.

என்னைக் கேட்டால், முதலில் பிகினர் நாவிஸ் போங்கள். நேராக நாவிஸுக்குப் போனாலும் யாரும் தடுக்கப்போவதில்லை, பிகினர் நாவிஸ் கட்டாயமும் இல்லை. ஆனால் ரிங்குக்குள் நுழைந்ததும் நமக்கு வரும் கைநடுக்கம் லீஷ் வழியாக நாய்க்கும் போய்ச் சேரும். அந்த நடுக்கத்தைச் சுலபமான வகுப்பிலேயே தீர்த்துக்கொள்வது நல்லது.

இரண்டு வகுப்பிலும் 'ஏ', 'பி' என்று பிரிவு உண்டு. இதுவரை எந்த நாய்க்கும் ஒபீடியன்ஸ் பட்டம் வாங்காதவர்களுக்கு 'ஏ'. நாயின் சொந்தக்காரரோ அவர் குடும்பத்தாரோதான் அதில் நாயை நடத்தலாம். அனுபவசாலிகள் 'பி'யில் இருப்பார்கள். தெரியாமல் 'பி'யில் டிக் அடித்துவிட்டு, பல வருடம் பழம் தின்று கொட்டை போட்டவர்களோடு ஏன் நிற்க வேண்டும்?

2. பதிவு எண்: இதை முதல் மாதமே முடித்துவிடுங்கள்

நாய்க்கு ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும். அப்புறம் ஏ.கே.சி. எண் ஒன்று வேண்டும். அதற்கு மூன்று வழிகள்.

தூய இனம், பதிவுக் காகிதமும் கையில் இருக்கிறது என்றால் வேலை சுலபம். வளர்ப்பாளர் கொடுத்த படிவத்தை வைத்துப் பெயர் மாற்றிப் பதிந்தால் போதும்.

லாப்ரடார் என்று பார்த்தாலே தெரிகிறது, ஆனால் காப்பகத்திலிருந்து எடுத்ததால் காகிதம் இல்லை என்றால் 'பி.ஏ.எல்.' என்ற பட்டியலில் சேர விண்ணப்பிக்க வேண்டும். புகைப்படம் கேட்பார்கள். அதைப் பார்த்துத்தான் இனத்தை ஒப்புக்கொள்வார்கள், அதனால் நாள் பிடிக்கும். நாய் நின்ற நிலையில் பக்கவாட்டிலும் முகத்துக்கு நேராகவும் வெளிச்சத்தில் எடுத்த படமாக இருக்கட்டும். சோபாவில் சுருண்டு கிடக்கும் படம் உதவாது.

கலப்பினமாக இருந்தாலும், ஏ.கே.சி. பட்டியலில் இல்லாத இனமாக இருந்தாலும் 'கேனைன் பார்ட்னர்ஸ்' திட்டம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, நம் தெருநாய்கள் எல்லாம் இந்த வழியில்தான் வர வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கட்டணம் முப்பது, நாற்பது டாலர் அளவில் இருக்கும். ஒரு வேடிக்கை: இந்தத் திட்டத்தில் சேரும் நாய்களின் இனப்பெயர் 'ஆல் அமெரிக்கன் டாக்'. மதுரைக்காரி கறுப்பிக்கும் படிவத்தில் அதையேதான் எழுத வேண்டியிருந்தது. நமக்கே கிரீன் கார்டு வரிசை நகரவில்லை, அவள் அதற்குள் முழு அமெரிக்கப் பிரஜை ஆகிவிட்டாள்.

பதிவில் கொடுக்கும் பெயர் ஒருமுறை ஏறிவிட்டால் அதுதான் விண்ணப்பத்திலும் சான்றிதழிலும் வரும். வீட்டில் கூப்பிடும் பெயர் வேறாக இருக்கலாம், அதில் சிக்கல் இல்லை. ஆங்கில எழுத்துகளில் எப்படி எழுதினீர்கள் என்பதை மட்டும் ஓரிடத்தில் குறித்துவையுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் டிரையல் செயலாளரிடமிருந்து மின்னஞ்சல் வரும்.

3. ரிங்குக்குள் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஏ.கே.சி. தளத்தில் ஒபீடியன்ஸ் விதிப்புத்தகம் இலவசமாகக் கிடைக்கிறது. முழுதும் படிக்க வேண்டாம். உங்கள் வகுப்புக்குரிய அத்தியாயத்தையும் பொது விதிகளையும் அச்செடுத்துப் படியுங்கள். யூடியூபில் பழைய காணொளிகள் நிறைய இருக்கின்றன, அங்கேதான் ஒரு பொறி. 2018 மே மாதம் நாவிஸ் வகுப்பின் விதிகள் மாறின. அதற்கு முன் எடுத்த காணொளிகளில் நாய்களை லீஷ் இல்லாமல் வரிசையாக உட்காரவைத்துவிட்டு எல்லாரும் ரிங்கின் மறுபக்கம் போய் நிற்பார்கள். இப்போது நாவிஸில் அப்படிக் கிடையாது. பழைய காணொளியைப் பார்த்துப் பயிற்சி கொடுத்தால் தேவையில்லாத ஒன்றுக்கு மாதக்கணக்கில் உழைப்பீர்கள்.

இன்றைய நாவிஸ் இப்படிப் போகும். லீஷோடு நடையும் எட்டு வடிவ நடையும் சேர்த்து 40. நின்றபடி நடுவர் தன்னைத் தொட அனுமதிப்பது 30. லீஷ் இல்லாத நடை 40. கூப்பிட்டால் வருவது 30. உட்காரவைத்துவிட்டுப் போய் லீஷை எடுத்து வருவது 30. கடைசியாகக் குழுவாக உட்காருவதும் படுப்பதும் 30.

எட்டு வடிவத்துக்கு, நடுவருக்கு உதவும் ஸ்டூவர்டுகள் இருவர் எட்டடி இடைவெளியில் கம்பம்போல நிற்பார்கள். அவர்களைச் சுற்றி நடக்க வேண்டும். உள்வளைவில் நாய் நம் காலில் இடிக்கும், வெளிவளைவில் பின்தங்கும். ஆட்களிடம் ஓடிக் கொஞ்சும் நாய் என்றால் ஸ்டூவர்டின் பேண்டை முகர நின்றுவிடும். வீட்டில் இரண்டு நாற்காலிகளை வைத்துப் பழக்குகிறோம், அங்கே நிற்பதோ உயிருள்ள மனிதர்கள். அதனால் நண்பர்கள் வரும்போதெல்லாம் அவர்களைக் கம்பமாக நிற்கவைத்துப் பழக்குங்கள்.

நின்றபடி தொட அனுமதிப்பதில், நாம் ஆறடி தள்ளி நிற்போம். நடுவர் வந்து நாயின் தலை, உடல், பின்பகுதி மூன்றையும் ஒரு கையால் தொடுவார். அவ்வளவுதான், சில நொடி வேலை. நம் ஊர் நாய்களுக்கு இதுதான் இமயமலை. தலைக்கு மேலாக ஒரு கை வந்தால் பதுங்குவது அவற்றின் ரத்தத்தில் ஊறியது. முன்கால் ஊன்றியபடியே இருக்கும், முதுகு மட்டும் வில்லாக வளைந்து பின்னால் போகும், அப்புறம் ஒரு கால் நகரும். கால் கொஞ்சம் நகர்ந்தால் மதிப்பெண் குறையும். விலகி ஓடினாலோ உட்கார்ந்துவிட்டாலோ அன்றைய நாள் முடிந்தது.

குழுப் பயிற்சியில் மற்ற நாய்களோடு வரிசையில், லீஷ் நுனியில் நாம் ஆறடி தள்ளி நிற்க, ஒரு நிமிடம் உட்கார வேண்டும், ஒரு நிமிடம் படுக்க வேண்டும். ஒரு நிமிடம்தானே என்று தோன்றும். பக்கத்து நாய் எழுந்து சோம்பல் முறிக்கும்போதுதான் அந்த நிமிடத்தின் நீளம் தெரியும்.

4. பயிற்சி: ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஒதுக்குங்கள்

வகுப்பு தேடும்போது பெரிய செல்லப்பிராணிக் கடைகளில் நடக்கும் பொதுவான வகுப்போடு நிற்காதீர்கள். டிரையல் நடத்தும் சங்கங்களே வகுப்பும் நடத்துகின்றன. சொல்லிக்கொடுப்பவர்கள் தாங்களே ரிங்கில் இறங்குபவர்கள், பயிற்சி நடப்பதும் பெரும்பாலும் டிரையல் நடக்கும் அதே கூடத்தில், அதே ரப்பர் விரிப்பின் மேல். எங்கள் பகுதியில் ஆறு முதல் எட்டு வாரம் வரை ஓடும் குழு வகுப்புக்கு 150 முதல் 200 டாலர் வரை ஆகிறது. தனிப்பயிற்சி மணிக்கு அதில் பாதி. சேரும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் மாணவர்களில் நாவிஸ் பட்டம் வாங்கியவர்கள் உண்டா?" பதில் சுற்றி வளைத்து வந்தால் வேறிடம் பாருங்கள்.

இடையில் 'கேனைன் குட் சிட்டிசன்' தேர்வு எழுதிவிடுவது நல்ல படிக்கட்டு. பத்துச் சோதனைகள். அந்நியர் வந்து பேசுவது, தடவிக்கொடுப்பது, கூட்டத்தில் நடப்பது, வேறு நாயைப் பார்ப்பது, நாம் மூன்று நிமிடம் கண்ணில் படாமல் போவது என்று எல்லாம் டிரையலுக்கு உதவுபவை. அதில் தடுமாறும் நாயை டிரையலுக்குக் கொண்டுபோவது வீண் செலவு.

இனி முக்கியமான விஷயம். நான் பார்த்தவரை நாய்கள் தோற்பது இரண்டு காரணங்களால். ஒன்று தீனி, இன்னொன்று நம் வாய்.

ரிங்குக்குள் தீனி கொண்டுபோகக் கூடாது. நம்மில் பலர் கையில் கோழித்துண்டை வைத்துக்கொண்டு ஆறு மாதம் பழக்குகிறோம். போட்டியன்று கை வெறுமையாக இருந்ததும் நாய்க்கு வேறு யாரோடோ வந்துவிட்ட குழப்பம். இதற்கு ஒரே வழி, தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பிலிருந்து தள்ளிவைப்பது. முதல் கட்டத்தில் கையில், பிறகு பையில், பிறகு சற்றுத் தள்ளி ஒரு நாற்காலியில் மூடிய டப்பாவில். பத்தடி ஒழுங்காக நடந்தால் இருவரும் சேர்ந்து அந்த டப்பாவிடம் ஓடுங்கள். அப்புறம் இருபதடி, அப்புறம் முழுச் சுற்று. தீனி உண்டு, ஆனால் வேலை முடிந்த பிறகு, வேறோர் இடத்தில் என்று நாய்க்குப் பதிய வேண்டும். டப்பாவுக்குள் என்ன வைப்பது என்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். கறுப்பிக்கு உப்பில்லாமல் வேகவைத்த கோழி ஈரல் என்றால் உயிர். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம்.

இரண்டாவது, நம் வாய். ஒரு கட்டளை ஒரு தடவைதான். கூப்பிட்டால் வரும் பயிற்சியில் முதல் அழைப்புக்கு நாய் வராமல் இரண்டாம் முறை கூப்பிட்டால் தேறவில்லை என்று எழுதிவிடுவார்கள். நம் வீடுகளில் "வா, வா, வாடா செல்லம், வா இங்க" என்று ஒரு பாட்டே பாடுகிறோம். அந்த நாய் எந்த 'வா'வுக்கு வர வேண்டும்? இன்றிலிருந்து ஒருமுறை சொல்லுங்கள், மூன்று நொடி காத்திருங்கள். வரவில்லையென்றால் மறுபடி சொல்லாமல், நீளக் கயிற்றை மெதுவாக இழுத்து வரவழையுங்கள். வீட்டில் இருக்கும் எல்லாரும் இதைக் கடைப்பிடிக்க வேண்டும், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பா உட்பட. கட்டளை எந்த மொழியிலும் இருக்கலாம். தமிழில் சொன்னால் யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். ஆனால் நாள் முழுக்கப் பேச்சில் புழங்கும் சொல்லை விட்டுவிட்டு, நாய்க்கென்றே ஒரு சொல்லை ஒதுக்கிவையுங்கள். விருந்தாளியிடம் "உட்காருங்க" என்றதும் நாயும் உட்கார்ந்து, யாரும் பாராட்டாததால் எழுந்துபோனால், அந்தச் சொல் நீர்த்துப்போகும்.

இடத்தை மாற்றி மாற்றிப் பழக்குவதும் அவசியம். வீட்டுக் கூடம், பிறகு கொல்லைப்புறம், பூங்கா, கடை வாசல், பள்ளி மைதானத்துக்கு வெளியே. இடம் மாறும்போது எதிர்பார்ப்பை ஒரு படி குறைத்து, மறுபடி ஏற்றுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடமாக இரண்டு மூன்று தடவை போதும். சனிக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் போட்டு வாட்டினால் பலன் இல்லை.

5. காலரும் லீஷும்

சாதாரணப் பக்கிள் காலர், வழுக்கி இறுகும் ஸ்லிப் காலர், மார்ட்டிங்கேல் ஆகியவை செல்லும். முள் காலர், மின்காலர், முகத்தைச் சுற்றும் ஹால்ட்டர் எல்லாம் கூடாது. காலரில் பெயர்ப் பட்டை தொங்கவும் கூடாது. ஒரு பயிற்சியாளர் முள் காலர் போட்டால்தான் கறுப்பி பக்கத்தில் நடப்பாள் என்று சாதித்தார். அவரிடமிருந்து விலகியது நல்லதாயிற்று. முள் காலரில் பழகும் நாய் போட்டியன்று அதைக் கழற்றியதும் லேசாகிப் பறந்துவிடும். எந்தக் காலரோடு ரிங்குக்குள் போகப்போகிறீர்களோ, அதே காலரில் கடைசி இரண்டு மாதமாவது பழக்குங்கள். லீஷ் ஆறடித் துணி அல்லது தோல். நீண்டு சுருங்கும் லீஷ் வேண்டாம்.

6. மாதிரிப் போட்டிக்கு ஒருமுறையாவது போங்கள்

சங்கங்கள் 'ஃபன் மேட்ச்', 'ஷோ அண்ட் கோ' என்ற பெயர்களில் ஒத்திகை நடத்துகின்றன. பத்துப் பதினைந்து டாலருக்கு, உண்மையான ரிங், ஸ்டூவர்டுகள், நடுவராக நடிக்க ஒருவர். தீனி கொடுக்கலாம், தப்பினால் திருத்தலாம், பாதியில் நிறுத்தலாம். இவை ஏ.கே.சி. தளத்தில் பெரும்பாலும் வராது. சங்கத்தின் முகநூல் பக்கத்திலோ வகுப்பிலோ கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

7. விண்ணப்பம்: பாதிப் பேர் தடுக்கி விழும் இடம்

ஏ.கே.சி. தளத்தில் நிகழ்ச்சித் தேடல் இருக்கிறது. மாநிலத்தையும் 'ஒபீடியன்ஸ்' என்பதையும் தேர்ந்தெடுத்தால் வரப்போகும் டிரையல்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் 'ப்ரீமியம் லிஸ்ட்' என்று ஒரு பி.டி.எஃப். இருக்கும். டிரையலின் ஜாதகமே அதற்குள் இருக்கிறது: இடம், நடுவர் பெயர், எந்த வகுப்புகள், கட்டணம், எத்தனை நாய்க்கு இடம், விண்ணப்பம் எப்போது திறக்கும், எப்போது மூடும், யாருக்கு அனுப்ப வேண்டும்.

அதில் நான்கு இடத்தில் பென்சிலால் கோடிடுங்கள்.

முதலாவது, கேனைன் பார்ட்னர்ஸ் நாய்களை ஏற்கிறார்களா என்ற வரி. ஏற்பதும் ஏற்காததும் சங்கத்தின் விருப்பம். அந்த வரி இல்லாத போட்டிக்குப் பணம் அனுப்பிவிட்டுத் திண்டாடாதீர்கள்.

இரண்டாவது, மூடும் தேதி. போட்டிக்கு இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே மூடிவிடுவார்கள். இடம் நிரம்பிவிட்டால் அதற்கும் முன்னால். நம் பகுதியில் நாய்க்காரர்கள் அதிகம், திறந்த வாரமே அனுப்பிவிடுவது நல்லது.

மூன்றாவது, பணம் செலுத்தும் முறை. பெரிய போட்டிகளில் ஓனோஃப்ரியோ, எம்.பி.எஃப். போன்ற, போட்டி ஏற்பாடுகளைக் கவனிக்கும் சூப்பரின்டென்டன்ட் நிறுவனங்களின் தளத்தில் கார்டு போடலாம். சிறிய சங்கங்களில் இன்னும் காகிதப் படிவமும் காசோலையும் தபாலும்தான். புதிதாக வந்தவர்கள் பலரிடம் காசோலைப் புத்தகமே இருப்பதில்லை. வங்கியில் கேட்டு வாங்க ஒன்றிரண்டு வாரம் ஆகும், இப்போதே சொல்லிவையுங்கள்.

நான்காவது, பணம் திரும்பத் தருவது பற்றிய பத்தி. மூடும் தேதிக்குப் பின் பொதுவாகத் திரும்பத் தர மாட்டார்கள். பெண் நாய் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ஹீட்டில் இருக்கும் நாயை ஒபீடியன்ஸ் டிரையலில் அனுமதிப்பதில்லை. சில சங்கங்கள் மருத்துவர் கடிதம் கொடுத்தால் பணத்தைத் தரும், சில தராது. கருத்தடை செய்யாத நாய் என்றால் கேலண்டரைப் பார்த்துத் தேதி போடுங்கள்.

கட்டணம் ஒரு வகுப்புக்கு ஏறக்குறைய 25 முதல் 40 டாலர். சனி, ஞாயிறு இரண்டு நாளும் டிரையல் இருந்தால் அவை இரண்டு தனித்தனிப் போட்டிகள், இரண்டு கட்டணம், இரண்டு லெக் வாங்கும் வாய்ப்பு. முதல் தடவை ஒரு நாள் போதும் என்பது என் கருத்து. முதல் நாள் ஏதாவது கோணினால் மறுநாள் காலை நாயும் நாமும் சோர்ந்த முகத்தோடு போய் நிற்போம்.

படிவத்தில் நாயின் பதிவுப் பெயர், எண், இனம், பிறந்த தேதி, தாய் தந்தை, வளர்ப்பாளர், உரிமையாளர் என்று கேட்பார்கள். தெருவில் எடுத்த நாய்க்குத் தாய் தந்தைக்கு எங்கே போவது? 'தெரியாது' என்று எழுதினால் போதும். பிறந்த இடம் அமெரிக்கா இல்லையென்றால் நாட்டின் பெயரை எழுத வேண்டும். எல்லாம் பதிவில் உள்ளபடியே இருக்கட்டும். கடைசியில் கையெழுத்து. கையெழுத்து இல்லாத படிவம் செல்லாது, படிவத்தின் இரண்டு பக்கத்தையும் அனுப்ப வேண்டும். முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்புவது அடிக்கடி நடக்கும் கூத்து.

8. கடைசி வாரம்

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது 'ஜட்ஜிங் புரோகிராம்' மின்னஞ்சலில் வரும். எந்த ரிங், எத்தனை மணி, உங்கள் எண் என்ன என்பது அதில்தான். வரவில்லையென்றால் ஸ்பாம் பெட்டியைப் பாருங்கள், அங்கும் இல்லையென்றால் செயலாளருக்கு எழுதுங்கள். புதிதாக எதையும் இந்த வாரத்தில் சொல்லிக்கொடுக்காதீர்கள். நாய் நொண்டினாலோ உடம்பில் கட்டுப் போட்டிருந்தாலோ அனுமதிக்க மாட்டார்கள், அதனால் ஓட்டத்தையும் குதியாட்டத்தையும் குறைத்துவையுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை: மடக்குக் கூண்டு, விரிப்பு, வீட்டுத் தண்ணீர், மலம் அள்ளும் பைகள், படிவ நகல், ரேபிஸ் தடுப்பூசிச் சான்று. சான்றை வாசலில் கேட்பார்கள் என்று இல்லை, ஆனால் வேறு மாநிலத்துக்குப் போகிறீர்கள் என்றால் கையில் இருப்பது நல்லது. கூண்டில் அமைதியாக இருக்க நாய்க்குப் பழக்கம் இல்லையென்றால் இரண்டு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். அங்கே காத்திருப்பதுதான் பெரும்பொழுது, ரிங்குக்குள் இருப்பது சில நிமிடங்கள். உங்களுக்கும் புளிசாதமோ தயிர்சாதமோ கட்டிக்கொள்ளுங்கள். இருக்கிற கடையில் ஹாட் டாக் மட்டும் கிடைக்கலாம்.

9. அன்று காலை, ரிங்குக்குள்

ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். கூண்டை வைத்ததும் நாயை வெளியே கூட்டிப்போய் ஒன்றுக்கு, இரண்டுக்கு எல்லாம் முடித்துவிடுங்கள். ரிங்குக்குள் நாய் கால் தூக்கினால் தேறவில்லை என்றுதான் அர்த்தம், மன்னிப்பே கிடையாது. பிறகு ரிங் வாசலில் இருக்கும் ஸ்டூவர்டிடம் போய்ப் பெயர் சொல்லி, எண் அட்டையை வாங்கி இடது கையில் ரப்பர் வளையத்தால் கட்டிக்கொள்ளுங்கள். "இதுதான் எனக்கு முதல் தடவை" என்றும் சொல்லிவிடுங்கள். அன்போடு வழிகாட்டுவார்கள், நான் பார்த்தவரை சலித்துக்கொண்டவர் இல்லை.

ஒரு வகுப்பில் எல்லா நாய்களுக்கும் நடைப் பாதை ஒன்றுதான். உங்களுக்கு முன் போகிறவர்களைக் கவனித்தால் எங்கே இடது, எங்கே வேகம், எங்கே நிற்பது என்று மனப்பாடமாகிவிடும். உள்ளே போகும் முன் சட்டைப் பை, பேண்ட் பை எல்லாவற்றையும் தடவிப் பார்த்துத் தீனித் துணுக்கு இல்லாமல் உதறிவிடுங்கள். கைபேசியை யாரிடமாவது கொடுங்கள்.

நடுவர் ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் "ஆர் யூ ரெடி?" என்பார். அவசரப்பட்டு "எஸ்" சொல்லாதீர்கள். நாய் நேராக உட்கார்ந்து உங்களைப் பார்க்கும்வரை ஒரு மூச்சு விட்டு, பிறகு சொல்லுங்கள். "ஃபார்வர்ட்" என்றால் கிளம்பு, "ஹால்ட்" என்றால் நில், "எக்சர்சைஸ் ஃபினிஷ்டு" என்றால் அந்தப் பயிற்சி முடிந்தது. அந்த மூன்றாவதைக் கேட்கும்வரை நாயைக் கொஞ்சவோ பேசவோ கூடாது. கேட்ட பிறகு தாராளமாகத் தட்டிக்கொடுக்கலாம், "சபாஷ்" சொல்லலாம். அந்த இடைவெளிகளை வீணாக்காதீர்கள். தீனி இல்லாத இடத்தில் நாய்க்குக் கிடைக்கும் சம்பளம் அதுதான்.

நமக்கே தெரியாமல் மதிப்பெண் போகும் இடங்கள் சில. லீஷ் இறுகினால் போகும். நாய் பின்தங்குகிறதே என்று நாம் நடையைக் குறைத்தால் போகும். லீஷ் இல்லாத நடையில் கைகள் இயல்பாகத் தொங்க வேண்டும், இல்லாவிட்டால் இடது கையை வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொள்ளலாம். தொடையைத் தட்டிக் கூப்பிட்டால் அது கூடுதல் சைகை. கூப்பிடும் பயிற்சியில் குரல் கொடுப்பதோ சைகை காட்டுவதோ ஏதாவது ஒன்றுதான். நம்மில் பலருக்குக் கூப்பிடும்போதே குனிந்து கையை நீட்டும் பழக்கம் உண்டு. வீட்டில் யாரையாவது கைபேசியில் படம் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள், நாம் ஆடும் ஆட்டம் நமக்கே தெரியும். வந்த நாய் கைக்கெட்டும் தூரத்தில் நேர் எதிரே உட்கார வேண்டும், நாவிஸில் "ஃபினிஷ்" என்றதும் சுற்றி வந்து இடப்பக்கம் உட்கார வேண்டும். கோணலாக உட்கார்ந்தால் அரை மதிப்பெண், ஒரு மதிப்பெண் என்று போகும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம், நாம் துரத்துவது 170ஐ.

தொடும் பயிற்சியின்போது நாயையே முறைத்துப் பார்க்காதீர்கள். முகத்தை லேசாகத் திருப்பி மூச்சை இயல்பாக விடுங்கள். கண்ணோடு கண் வைத்து இறுக்கமாக நின்றால் நம் ஊர் நாய்கள் அதையே ஆபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்ளும்.

நாய் தப்பு செய்தால் ரிங்குக்குள் அதட்டாதீர்கள், காலரைப் பிடித்து உலுக்காதீர்கள். கடுமையாக நடந்துகொண்டால் நடுவர் வெளியே அனுப்பிவிடுவார்.

தனிப் பயிற்சிகள் முடிந்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். நாவிஸில் குழுப் பயிற்சி பாக்கி இருக்கும். எப்போது கூப்பிடுவார்கள் என்று ஸ்டூவர்டிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

10. முடிவு வந்த பிறகு

தேறினால் கரும்பச்சை ரிப்பன். வகுப்பில் முதல் நான்கு இடங்களுக்கு நீலம், சிவப்பு, மஞ்சள், வெள்ளை. உங்கள் மதிப்பெண் தாளைப் பார்த்து எந்தப் பயிற்சியில் எவ்வளவு போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். நடுவர் ஓய்வாக இருந்தால் மரியாதையோடு ஒரு கேள்வி கேட்கலாம், வாக்குவாதம் வேண்டாம்.

லெக் கணக்கை ஏ.கே.சி.யே வைத்துக்கொள்ளும். மூன்றும் சேர்ந்ததும் பட்டச் சான்றிதழ் வரும், தனியாக விண்ணப்பிக்கத் தேவையில்லை. ஆனால் மூன்று லெக்கும் ஒரே நடுவரிடம் வாங்க முடியாது. அதனால் அடுத்த ப்ரீமியம் லிஸ்டைத் திறந்ததும் நடுவர் பெயரைத்தான் முதலில் பாருங்கள்.

தேறவில்லையா? எந்த இடத்தில் நாய் தடுமாறியதோ அதை மட்டும் எடுத்து, அடுத்த ஃபன் மேட்சில் தீனியோடு நான்கு தடவை செய்யவையுங்கள். மறுபடி பணம் கட்டுவது அதற்குப் பிறகு.